பச்சை என்று எழுதிய சாம்பல்

போன மாதம் வேங்கிக்காலில் ஒரு கூட்டம். ‘அறிவியல் கற்றலில் மாணவர் ஆர்வமும் படைப்பாற்றலும்’ என்று ஆள் உயரத்துக்கு பேனர் கட்டியிருந்தார்கள். அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. அதோடு ஓய்வு பெற்ற நாலு பேருக்குப் பொன்னாடை. அந்த நாலு பேரில் நான் ஒருத்தி. நான் ஆசிரியை இல்லை. திருவண்ணாமலையில் ஒரு அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தேழு வருஷம் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்தவள். பிள்ளைகளுக்கு லேப் அக்கா. அமில பாட்டில்களை எடுத்து வைப்பது, அடுப்புகளைப் பற்றவைப்பது, கடைசியில் சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, இவைதான் என் வேலை.

மேடையில் மூன்று பேர் பேசினார்கள். முதலாமவர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வமே இல்லை என்றார். இரண்டாமவர், அதற்குக் காரணம் செல்போன் என்றார். மூன்றாமவர், ஆர்வத்தை எப்படி உண்டாக்குவது என்று திரையில் படம் படமாகப் போட்டுக் காட்டினார். கீழே இருந்தவர்கள் மும்முரமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆர்வத்தை உண்டாக்கப் போகிறார்களாம். அது என்ன இட்லியா, தட்டில் மாவை ஊற்றி வேகவைத்து எடுக்க?

பொன்னாடையைப் போர்த்திவிட்டு, "ரெண்டு வார்த்த பேசுங்கம்மா" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"காலையிலேர்ந்து ஆர்வம் இல்ல, ஆர்வம் இல்லன்னு சொல்றீங்க. ஆர்வத்தோட வந்த புள்ளைய நாம என்னா பண்ணோம்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா? நான் சொல்றேன். நான் பண்ணதயே சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த தம்பி சிரித்த முகத்தோடு ஓடி வந்தார். "அம்மா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. நேரம் வேற கம்மியா இருக்கு" என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் ரேவதி, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மைக்க புடுங்கிட்டாங்க இல்லக்கா? எங்க சங்கத்துல மலர் போடறோம். அதுக்கு எழுதிக் குடுங்க. பேனாவ யாரு புடுங்குவா?" என்றாள். அதனால் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். என் தப்பை மாற்றவில்லை.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. கணவர் அரசு வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் எனக்கு இந்த வேலையைப் போட்டுக் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் ஓய்வு பெற மூன்று மாதம் பாக்கி இருந்தது. அந்த மூன்று மாதத்தில் அவரிடம் கற்றதுதான் என் படிப்பு. தண்ணீரில் அமிலத்தை ஊற்றலாம், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாட்டிலைத் திறந்தால் மூடியை மல்லாக்க வை. ஒரு பாட்டிலில் எதை நிரப்பினாலும் துளி எடுத்துச் சோதித்துப் பார்க்காமல் பெயர்ச்சீட்டு ஒட்டாதே. முதல் வருஷத்திலேயே நாலு புடவையில் ஓட்டை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். செம்பு உப்பில் அம்மோனியா விழுந்து அந்த அடர்ந்த நீலம் திரண்டு வருவதை முதல் தடவை பார்த்த அன்று, வீட்டுக்குப் போய் என் பிள்ளைகளிடம் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தேன். ஆர்வம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் திரையில் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

வேதியியல் ஆசிரியை கமலவேணி டீச்சர். அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், பாடத்தில் அவருக்குத் தெரியாதது கிடையாது. வாசலில் நின்றபடியே காற்றை முகர்ந்து, மூன்றாவது மேசையில் எந்த அமிலம் கொதிக்கிறது என்று சொல்லிவிடுவார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. எல்லோரையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். கஷ்டமான ஒன்றைச் சொல்லப் போகிறார் என்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார், முந்தானையில் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மறுபடியும் துடைப்பார். கண்ணாடி முகத்துக்குத் திரும்பிவிட்டால் முடிவு ஆகிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு யார் என்ன சொன்னாலும் எடுபடாது.

அவருக்கு ஒரே குறி, நூற்றுக்கு நூறு. ‘சென்டம்’ என்று சொல்லும்போது மட்டும் அந்த மெல்லிய குரலில் ஒரு பூரிப்பு வரும். அதற்காக அவர் ஏற்படுத்தி வைத்திருந்த முறையைச் சொல்கிறேன். சோதனை செய்வதற்கு முந்தின நாளே ரெக்கார்டு நோட்டில் சோதனையை எழுதிவிட வேண்டும். என்ன செய்தோம், என்ன பார்த்தோம், என்ன முடிவு, மூன்றையும் அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். மறுநாள் ஆய்வகத்தில் என்ன வந்தாலும் வராவிட்டாலும் நோட்டில் ஒரு எழுத்து மாறாது. ‘வெண்மை நிற வீழ்படிவு தோன்றியது’ என்று ஐம்பது நோட்டிலும் இருக்கும். குழாயில் வெறும் தண்ணீர் போல நிற்கும். நோட்டுக்குச் சிவப்பு மையில் கையெழுத்து விழும்.

ஒரு பிள்ளை நோட்டை மாற்றிவிட்டால், டீச்சர் திட்டமாட்டார். "அடிச்சுத் திருத்தக் கூடாது கண்ணு. புதுசா எழுதிட்டு வா" என்பார். நோட்டு முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். ஒரு முறை எழுதின பிள்ளை மறுமுறை கண்ணால் பார்த்ததை எழுதத் துணியாது.

இதில் என் பங்கு என்ன என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் உப்புப் பகுப்பாய்வு உண்டு. ஒரு பொட்டலத்தில் கொஞ்சம் உப்பு கொடுப்பார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். பிள்ளை அதைக் கரைத்து, சூடேற்றி, ஒவ்வொரு சோதனையாகச் செய்து, இது இன்ன உப்பு என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். எந்த எண்ணுக்கு எந்த உப்பு என்ற பட்டியல், வேறு பள்ளியிலிருந்து வரும் தேர்வாளர் கையில் இருக்கும். அந்தப் பொட்டலங்களை மடிப்பவள் நான். கமலவேணி டீச்சர் சொன்னபடி மடிப்பேன். ஒரு மூலையை உள்ளே மடித்தால் மக்னீசியம். இரண்டு மூலையை மடித்தால் அலுமினியம். மூலையை வெளியே இழுத்துக் காது போல விட்டால் துத்தநாகம், அதாவது ஜிங்க். இப்படி எல்லா உப்புக்கும் ஒரு மடிப்பு. தேர்வுக்கு முந்தின வாரம் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து இந்த மடிப்புகளைச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். சோதனைகளைப் படித்ததைவிட என் மடிப்புகளைத்தான் அவர்கள் மனப்பாடமாகப் படித்தார்கள். எங்கள் பள்ளி மட்டும் இப்படி இல்லை என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வேன். அது ஒரு சமாதானமா, சொல்லுங்கள்?

அந்தக் காலத்தில்தான் பவானி வந்தாள். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைப் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், மணிலாவும், அதாவது வேர்க்கடலையும், பூவும் போடுவார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டு வாசலில் மோர் விற்பார்கள். வகுப்பில் அவள் நடுத்தரம். டீச்சரின் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக ‘ஆர்வம் போதாது’ என்று இருந்தது. ரெக்கார்டு நோட்டை நேரத்துக்கு முடிக்கமாட்டாள், அதனால் அந்தப் பட்டம்.

அவள் ஏன் முடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மணி அடித்து எல்லோரும் போன பிறகும் மேசையை விட்டு நகரமாட்டாள். "அக்கா, இன்னும் ரெண்டு சொட்டு ஊத்திப் பாக்கட்டுமா? கரையுதா பாப்போம்" என்பாள். "கைய சுட்டுக்காத, நான் கழுவணும்" என்று நான் கத்துவேன். "நானே கழுவித் தரேன்க்கா" என்பாள். கழுவியும் தருவாள். என்னைவிட நன்றாகக் கழுவுவாள்.

பதினோராம் வகுப்பில் ஒரு நாள் பிளாஸ்டிக் டப்பாக்களைப் பை நிறையக் கொண்டு வந்தாள். பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் கிடந்த பூக்களையும் மாலைகளையும் பொறுக்கி, வகை வகையாக அரைத்துச் சாறு எடுத்திருந்தாள். எலுமிச்சையில் ஒரு நிறம், சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு நிறம், துணி சோப்பில் ஒரு நிறம். ஒவ்வொன்றுக்கும் அட்டையில் வண்ணம் தோய்த்து ஒட்டிப் பட்டியல் போட்டிருந்தாள். சங்குப்பூ எல்லாவற்றையும்விடத் துல்லியம் என்றும், அரளி எதற்கும் உதவாது என்றும் எழுதியிருந்தாள். யாரும் அவளிடம் செய்யச் சொல்லவில்லை. மதிப்பெண்ணும் கிடையாது.

அறிவியல் கண்காட்சி வந்தது. பவானி அந்த அட்டைகளோடு டீச்சர் முன்னால் போய் நின்றாள். நான் கூடவே நின்றேன்.

"மாடல் எங்க கண்ணு?" என்றார் டீச்சர்.

"இதான் டீச்சர். நானே பூவ அரைச்சு..."

"தெர்மாகோல் இல்ல, லைட்டு எரியல. பூவ வச்சா பூக்கடைன்னு நெனைப்பாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அந்த வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து எரிமலை போனது. கடையில் வாங்கிய எரிமலை. மூன்று வருஷமாக அதே எரிமலை. பிள்ளையின் பெயர் எழுதிய சீட்டை மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை கிழித்துப் புதிதாக ஒட்டுவோம். ஒட்டியவள் நான். பரிசும் வாங்கியது. பரிசு வாங்கிய பெண்ணிடம் நடுவர், "நீயே செஞ்சியாம்மா?" என்று கேட்டார். "ஆமாம் சார்" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லச் சொன்னதும் நாங்கள்தான். இதற்குப் பெயர் படைப்பாற்றலாம்!

அடுத்த வருஷம் செய்முறைத் தேர்வு. பயிற்சியிலேயே துத்தநாக சல்பேட் தீர்ந்துபோயிற்று. கேட்டு எழுதிய பொருட்கள் வந்து சேரவில்லை. "உரக்கடையில வாங்கிக்கோ கண்ணு" என்றார் டீச்சர். அதுவும் எங்கள் வழக்கம்தான். துத்தநாக சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும் நெல்லுக்கும் மணிலாவுக்கும் போடுகிற நுண்ணூட்டம். உரக்கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து மூட்டையில் இருக்கும். இரண்டும் வெள்ளை, இரண்டும் பொடிக் கல்கண்டு மாதிரி இருக்கும். தேர்வு அன்று காலையில் போகிற வழியில் கடை திறந்ததும் வாங்கினேன். கூட்டம். நான் கேட்டேன், கடைக்காரர் அள்ளிக் கட்டிக் கொடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. துளி எடுத்துச் சோதித்துப் பார்க்காமல் சீட்டு ஒட்டக் கூடாது என்று இத்தனை வருஷம் பின்பற்றியவள், அன்றைக்கு நேரமில்லை என்று சோதிக்காமல் ஒட்டினேன். ஆறு பொட்டலம் மடித்தேன். ஆறுக்கும் காது இழுத்துவிட்டேன்.

அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். வெளியூர்ப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். தேர்வாளர் வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார். வந்ததிலிருந்து அவருக்குத் திரும்பிப் போகிற கவலை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், முதல் அணி முடியும் வரை எழுந்திருக்கவில்லை.

துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் பிரித்தறிய ஒரு அழகான சோதனை இருக்கிறது. சாம்பல் சோதனை. உப்புக் கரைசலில் நைட்ரிக் அமிலமும் கோபால்ட் நைட்ரேட்டும் சில சொட்டு விட்டு, வடிதாளைச் சுருட்டி அதில் நனைத்து, தீயில் காட்டி எரிக்க வேண்டும். துத்தநாகம் என்றால் சாம்பல் பச்சை. மக்னீசியம் என்றால் இளஞ்சிவப்பு. ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும் வித்தியாசம்.

ஆறு பெண்கள் அந்தப் பொட்டலத்தை வாங்கினார்கள். ஆறு பேரும் வடிதாளை எரித்தார்கள். ஐந்து பேர் ‘பச்சை நிறச் சாம்பல்’ என்று எழுதினார்கள். கண் முன்னால் இளஞ்சிவப்பாக இருக்கிற சாம்பலைப் பார்த்துக்கொண்டே பச்சை என்று எழுதினார்கள். அவர்கள் பொய்க்காரிகள் இல்லை. எங்களிடம் இரண்டு வருஷம் படித்தவர்கள்.

மணி அடித்து வெளியே போகும்போது பவானி என் பக்கமாக வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, காது இழுத்திருந்துச்சு. ஜிங்க்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஆனா செஞ்சா வேற வருது. மூணு வாட்டி செஞ்சேன். வந்தத எழுதிட்டேன்."

 தேர்வாளர் அதற்குள் திருத்த ஆரம்பித்துவிட்டார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பவானி வரிசையாக எழுதியிருந்தாள். எது செய்தேன், எது வந்தது, எது வரவில்லை, சந்தேகம் வந்ததால் எதை மறுபடியும் செய்தேன், எல்லாம். அதுவரை எந்தப் பிள்ளையின் தாளிலும் ‘சந்தேகம்’ என்ற சொல்லை நான் பார்த்ததே இல்லை. தேர்வாளர் முதல் வரியிலிருந்து படிக்கவில்லை. நேராகக் கடைசி வரிக்குப் போனார். ‘மக்னீசியம் சல்பேட்’. பட்டியலைப் பார்த்தார். ‘துத்தநாக சல்பேட்’. ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் சிவப்புக் கோடு இழுத்தார். அவள் எரித்த சாம்பல் நாலு எட்டில் அவள் மேசையில் பீங்கான் கிண்ணத்தில் கிடந்தது. எழுந்து போய் ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பார்க்கவே மனமில்லாத ஒருவரை, ஒரு பெண் சரியாகப் பார்த்தாளா என்று தீர்ப்புச் சொல்ல உட்கார வைத்திருந்தோம்.

மீதி உப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் நானே எரித்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பு.

கமலவேணி டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ஒரு நொடி பார்த்தார்.

"மக்னீசியம். எங்க வாங்குன?"

"உரக்கடையில டீச்சர். டெஸ்ட் பண்ணாம வச்சுட்டேன். என் தப்புதான். வாங்க, சார்கிட்ட சொல்லிடலாம். பவானி எழுதுனதுதான் கரெக்டு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையில் துடைத்தார்.

"மத்த அஞ்சு பேரு என்னா எழுதியிருக்காங்க?"

"ஜிங்க்."

"உப்பு மாறிடுச்சுன்னு நாம போய்ச் சொன்னா அவரு முதல்ல என்னா கேப்பாரு? இல்லாத ஜிங்க்க அஞ்சு பொண்ணுங்களும் எப்படிம்மா கண்டுபுடிச்சாங்கன்னு கேப்பாரு. உன்கிட்ட பதில் இருக்கா?"

இல்லை. என்னிடம் இருந்த ஒரே பதில், நான் இழுத்துவிட்ட காது.

"பவானிக்கு மட்டும் மார்க்க போடச் சொல்லலாமே டீச்சர்."

"எதச் சொல்லி? ஒரு பொண்ணுக்காக அஞ்சு பொண்ணுங்க. அப்புறம் நீ, நானு. உனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. யோசிச்சுக்கோ கண்ணு." வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. ரொம்ப நேரம் போராடினேன், மனம் ஒப்பவில்லை என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது நடக்கவில்லை. எனக்கு வேலை வேண்டும். அவ்வளவுதான். மீதியைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

குழாயடியில் பவானி நின்றுகொண்டிருந்தாள். அவள் எழுதிய உப்பு தப்பு என்று அதற்குள் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை.

"அக்கா, மார்க்கு போனா போவுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சாம்பலு ரோஸ் கலரு தான? நான் பாத்தது சரிதான?"

இருபத்தேழு வருஷத்தில் என்னிடம் ஒரு பிள்ளை கேட்ட ஒரே உண்மையான அறிவியல் கேள்வி அது. மதிப்பெண்ணை விட்டுவிட்டாள். சான்றிதழை விட்டுவிட்டாள். பார்த்தது சரியா என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"பச்சைதான் பவானி" என்றேன். "நீ சரியா எரிக்கல. கரி கலந்துட்டா கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

அவள் தலை குனிந்து கொஞ்ச நேரம் நின்றாள். "சரிக்கா" என்றாள். போய்விட்டாள்.

தேர்வு முடிவு வந்தது. உப்புக்கு உண்டான மதிப்பெண் முழுக்கப் போயும், அரசுக் கல்லூரியில் வேதியியல் சேர அவளுக்கு இடம் கிடைத்திருக்கும். அவள் விண்ணப்பமே போடவில்லை. வரலாறு எடுத்துச் சேர்ந்தாள், இரண்டாம் வருஷத்தில் நின்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். கமலவேணி டீச்சருக்கு அந்த வருஷம் சென்டத்துக்காகப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பச்சைச் சாம்பல் எழுதிய ஐந்து பேரில் இரண்டு பேர் இன்றைக்கு அறிவியல் ஆசிரியைகள். வேங்கிக்கால் கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து அன்போடு சிரித்தார்கள்.

நான் தைரியமாக எழுத உட்கார்ந்தவள், குழாயடி வரைக்கும் எழுதிவிட்டு நின்றுவிட்டேன். ஊருக்கே சொல்லப் போகிறேன், பவானியிடம் சொல்லவில்லையே. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறைகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள் என்று ரேவதி சொன்னாள். போன வாரம் போனேன்.

கடையில் இரண்டு பெரிய சலவை இயந்திரங்கள். பின்னால் கொடி கொடியாக வெள்ளைத் துணிகள். பவானி ஒரு ஜிப்பாவை விரித்து வைத்து, மஞ்சள் கறை பட்ட இடத்தில் ஒரு மூலையில் மட்டும் சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு நோட்டு. எந்தக் கறைக்கு எது போட்டால் போகிறது, எந்தத் துணியில் போகாது என்று கட்டம் கட்டி எழுதி வைத்திருந்தாள்.

"அக்கா! வாங்கக்கா, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ வாங்கி வரச் சொல்லப் போனாள். வேண்டாம் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒரே மூச்சில் சொன்னேன். உரக்கடை, சோதிக்காமல் விட்டது, டீச்சர் சொன்னது, நான் பயந்தது. "நீ பாத்ததுதான் சரி பவானி. அது ரோஸ்தான். நான்தான் பொய் சொன்னேன். நான் சொன்னத நம்பி, உனக்குப் படிப்பு வராதுன்னு நெனைச்சு விட்டுட்டியேன்னு எனக்குத் தூக்கம் இல்லடி" என்றேன்.

அவள் ஜிப்பாவின் மடிப்பை நீவிவிட்டாள்.

"நம்பி வுட்டேன்னு யாருக்கா சொன்னது?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் எனக்குச் சேர வேண்டியதுதான். "அன்னிக்கே தெரியும்க்கா எனக்கு. நீங்க கை கழுவாம வந்துட்டீங்க. கட்டைவெரல்ல ரோஸ் கலரு சாம்பலு ஒட்டிட்டிருந்துச்சு. அதப் பாத்துகினேதான் நின்னேன். அத வெரல்ல வச்சுகினே பச்சைன்னு சொன்னீங்க."

சொட்டு விட்ட இடத்தில் கறை வெளுத்திருக்கிறதா என்று துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நோட்டில் ஏதோ குறித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தப்பா பாத்துட்டேன்னு நெனைச்சிருந்தா, போய் இன்னும் நல்லா கத்துக்கிட்டிருப்பேன்க்கா. சரியா பாத்துட்டேன்னு தெரிஞ்சதாலதான் வுட்டுட்டேன்."